பாசிக்குடாவில் தங்கப் போகுமுன்: முற்பணம் கட்டுவதில் இருந்து முறைப்பாடு வரை

கடற்கரை ஹோட்டலில் தங்கிவிட்டு மனம் நொந்து திரும்புகிறவர்களின் குறைகளைக் கேட்டால், ஐந்தாறு விஷயம்தான் திரும்பத் திரும்ப வரும். படத்தில் கண்ட கடல் இல்லை. ஏசி குளிரவில்லை. குழாயில் உப்புத் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் வேறு சாப்பாட்டுக் கடை இல்லை. பில் பேசிய தொகையை விட முப்பது வீதம் கூட. இவற்றில் பாதிக்கு மேல், காசு கட்டுமுன் இரண்டு தரம் போனில் கதைத்தாலே தெரிந்துவிடும். மிச்சத்தை அறைக்குள் போன முதல் இருபது நிமிடத்தில் பிடிக்கலாம். அந்த இருபது நிமிடம் தாண்டி, பெட்டியைத் திறந்து, இரவு படுத்தெழும்பி, காலையில் சொல்லப்படும் முறைப்பாட்டுக்கு மதிப்பு மிகவும் குறைவு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நேரக் கணக்கை வைத்தே எழுதப்பட்டது.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

வெளிநாட்டில் இருந்து வருகிற உறவுகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ‘இலங்கைக்குப் போக நல்ல மாதம் டிசெம்பர்’ என்று பயண விளம்பரங்கள் சொல்வது தென்மேற்குக் கரையிலுள்ள காலி, ஹிக்கடுவ பக்கத்துக் கடலை வைத்து. பாசிக்குடா இருக்கிற கிழக்குக் கரையில் அது மாரி. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி, சில வருடங்களில் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யும். பாசிக்குடா பெயர் பெற்றதே அலையில்லாத, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கக்கூடிய கடலுக்காகத்தான். ஆனால் அந்தக் கடல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான கடல். ஹோட்டல்காரர் போடும் படங்களும் அந்த மாதங்களில் எடுத்தவை. மாரியில் அதே குடாவில் அலை எழும்பும், தண்ணீர் கலங்கும், வெள்ளம் அள்ளி வந்த சருகும் கட்டைகளும் கரை ஒதுங்கும். அந்த நாட்களில் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான். மழையைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக இருக்க விருப்பமானவர்களுக்கு அது நல்ல பேரம். பிள்ளைகளைக் கடலில் குளிக்க வைக்கப் போகிறவர்களுக்கு இல்லை.

கோடையிலும் ஒரு சங்கதி உண்டு. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும். மலைநாட்டைத் தாண்டித் தரைப்பக்கமிருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று அது. மத்தியானத்துக்குப் பிறகு மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருள்ள அறை அனல் பறக்கும். சிறிய ஏசியால் அதைச் சமாளிக்க முடியாது. அந்த மாதங்களில் கிழக்குப் பார்த்த அறையைக் கேட்டு எடுங்கள்.

அதே கிழக்குக் கரையில் தெற்கே இருக்கிற அறுகம்குடா வேறு கணக்கு. பொத்துவில், உல்லைப் பக்கம் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கல் காலம். அலைதான் அங்கே சரக்கு. சின்னப் பிள்ளைகளோடு அமைதியாகக் குளிக்க நினைத்து அங்கே அறை போட்டால் ஏமாற்றம் நிச்சயம். காலம் முடிந்ததும் பல சாப்பாட்டுக் கடைகளும் விடுதிகளும் மூடிவிடும். நவம்பரில் போகிறவர்கள் எது திறந்திருக்கிறது என்று கேட்காமல் போகக்கூடாது.

பவளப்பாறை பார்க்கும் ஆசையில் போவோருக்கு ஒரு வார்த்தை: 1998இல் கடல் சூடேறியபோது பாசிக்குடாப் பக்கத்துப் பவளம் பெருமளவில் வெளிறி அழிந்தது. முக்குளித்துப் பார்ப்பதுதான் முக்கிய நோக்கமென்றால் வடக்கே காயாங்கேணிப் பக்கம் படகில் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள்.

போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வெள்ளி அல்லது திங்களில் வந்து நீண்ட விடுமுறையானால், பாசிக்குடாப் பொதுக் கடற்கரை பஸ் பஸ்ஸாக வரும் கூட்டத்தால் நிறைந்துவிடும். போயாவில் மதுபானமும் விற்கமாட்டார்கள். அமைதி தேவையென்றால் செவ்வாய், புதன் பாருங்கள், விலையும் இறங்கியிருக்கும். ‘எங்கள் தனியார் கடற்கரை’ என்று யாராவது சொன்னால் அதற்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள். கரை பொதுச் சொத்து.

போனில் கேட்க வேண்டியவை

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு எடுங்கள். காலை நேரம் அவர்களுக்கு வெளியேறுகிற ஆட்களின் அவதி. கதைக்கும் ஆளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கதைத்து முடிந்தபின் அதே விஷயங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்குங்கள். வாயால் சொன்னதற்குப் பிறகு சாட்சி இல்லை.

இன்றைக்கு எத்தனை அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. ஆட்கள் குறைந்தால் பல இடங்களில் பஃபே வைக்கமாட்டார்கள்; ஒரே தட்டுச் சாப்பாடாக மாற்றிவிடுவார்கள். பஃபேக்கென்று காசு கட்டியவருக்கு அது பெரிய குறை. அடுத்தது, நீச்சல் தடாகம் இப்போது பாவனையில் இருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா. மூன்றாவது, கறண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, இல்லை லைட்டும் ஃபேனும் மட்டுமா. இதைச் சரியாக இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். ‘ஜெனரேட்டர் இருக்கா?’ என்றால் எல்லாரும் ‘இருக்கு’ என்றுதான் சொல்வார்கள்.

அறையின் வகை அடுத்த பொறி. கடல் பார்த்த அறை, கடலோர அறை, தோட்டம் பார்த்த அறை மூன்றும் வேறு வேறு. பல்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிகிற கடலுக்கும் ‘கடல் பார்த்தது’ என்றுதான் பெயர். அந்த வகை அறையின் பல்கனியில் நின்று இன்றைக்கு எடுத்த அரை நிமிட வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். கடலின் நிலையும் சேர்ந்து தெரிந்துவிடும். நல்ல இடத்தில் பத்து நிமிடத்தில் அனுப்புவார்கள். சாக்குச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. பாசிக்குடா ஹோட்டல் வரிசையில் இருந்து நடந்துபோகக்கூடிய கடைகள் கொஞ்சம்தான். வாழைச்சேனை டவுனுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். எனவே காலைச் சாப்பாடு மட்டுமா, இரவும் சேர்ந்ததா, மூன்று வேளையுமா என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். ‘மூன்று வேளை’ என்பதில் பெரும்பாலும் குடிபானமும் போத்தல் தண்ணீரும் சேராது. ஹலால் தேவையானவர்கள் இறைச்சி எங்கே வாங்குகிறார்கள் என்றே கேட்கலாம், முஸ்லிம் கடைகள் உள்ள ஓட்டமாவடி பக்கத்தில்தான் இருக்கிறது. விரதக்காரர் இருந்தால் மரக்கறிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி உண்டா என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

விலை: கடைசித் தொகை எவ்வளவு?

‘எல்லா வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வி பல சண்டைகளைத் தவிர்க்கும். வழமையாக 10 வீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் வற் (பெறுமதி சேர் வரி) வரியும் வரும். 2024 ஜனவரியில் இருந்து வற் 18 வீதம். இரவுக்கு 25,000 ரூபாய் என்று பேசினால் சேவைக் கட்டணத்தோடு 27,500. அதற்கு 18 வீதம் போட்டால் 32,450. வேறு சிறு வரிகளும் சில பில்களில் இருக்கும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் இவை இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

உள்ளூர் விலை, வெளிநாட்டார் விலை என்ற பிரிவுதான் குடும்பங்களுக்கு அதிக மனவருத்தம் தருவது. மட்டக்களப்பில் இருக்கிற அக்கா உள்ளூர் விலைக்கு அறை போடுவார். கனடாவில் இருந்து வந்த தம்பி கடவுச்சீட்டைக் காட்டியதும் வரவேற்பு மேசையில் டொலர் கணக்குச் சொல்வார்கள். கலப்புக் குடும்பமானால் யார் யாரிடம் இலங்கை அடையாள அட்டை இருக்கிறது, யாரிடம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு அறைக்கும் விலையை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் வயதையும் எழுதுங்கள். இலவசம், அரைக் கட்டணம் என்ற எல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

முற்பணத்தைத் தனியாள் பெயரிலுள்ள கணக்குக்குப் போடச் சொன்னால் நில்லுங்கள். கணக்கின் பெயர் ஹோட்டலின் பெயராகவோ, பற்றுச்சீட்டில் இருக்கும் நிறுவனத்தின் பெயராகவோ இருக்க வேண்டும். எந்தத் திகதிக்கு முன் ரத்துச் செய்தால் காசு திரும்பும் என்பதையும் கேளுங்கள். மாரியில் வெள்ளம் வந்து றோட் மூடினால் என்ன செய்வார்கள் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அறைக்குள் முதல் இருபது நிமிடம்

பெட்டிகளைக் கதவடியில் வையுங்கள். கட்டிலில் யாரும் இருக்க வேண்டாம். சாமான் தூக்கி வந்த தம்பியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். அவர் முன்னால் பார்த்த குறையை யாரும் பிறகு மறுக்க முடியாது.

முதலில் ஏசியை 20இல் போட்டு, கதவு, யன்னல், திரை எல்லாவற்றையும் மூடுங்கள். அது வேலை செய்கிறதா என்று தெரியப் பதினைந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் மற்றவற்றைப் பார்க்கலாம். உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் அரித்துப் பொடியாகும். அப்படியானால் உள்ளே காற்று வரும், குளிர் வராது. பதினைந்து நிமிடம் கழித்துக் காற்று வரும் வாயில் கையை வைத்தால் குளிர் சுரீரென்று தெரிய வேண்டும். வெறும் ஃபேன் காற்றுப் போல இருந்தால் பெரும்பாலும் கழுவிச் சரிப்படுத்துகிற விஷயமல்ல; அறையை மாற்றக் கேளுங்கள். உள் யூனிட்டில் இருந்து தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைபட்டிருக்கும். அது அரை மணி நேர வேலை, திருத்தித் தரலாம்.

பூஞ்சண வாசம் அடித்தால் அறை பெரும்பாலும் பல நாட்களாகப் பூட்டிக் கிடந்திருக்கும். வாசனைத் தெளிப்பான் அடித்து மறைக்க விடாதீர்கள். இழுப்புக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்) இருக்கிற குடும்பம் அந்த அறையில் படுக்கவே கூடாது.

இனிக் குளியலறை. வாஷ்பேசின் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். முதலில் வரும் செந்நிறம் குழாயில் தேங்கிய துரு; ஒரு நிமிடத்துக்குப் பிறகும் அந்த நிறம் போகாவிட்டால் கிணற்றுத் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேயுங்கள். நுரை வராமல் பிசுபிசுத்தால் உவர் தண்ணீர். கடலோரக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் கூடும். இதற்கு அறை மாற்றிப் பயனில்லை, எல்லா அறைக்கும் அதே தாங்கிதான். குளிக்கவாவது பவுசரில் (தண்ணீர் லொறியில்) நல்ல தண்ணீர் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். குடிக்கப் போத்தல் தண்ணீர்தான். சுடுதண்ணீர்க் குழாயைத் தொட்டால் கை விறுவிறுத்தால் உடனே வெளியே வந்து சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். எர்த் பிழைத்த ஹீட்டர் உயிரை எடுக்கும். இதில் சமாளிப்புப் பேச்சுக்கு இடமே கொடுக்க வேண்டாம்.

கட்டிலில் தலைமாட்டு மூலையில் விரிப்பை உயர்த்தி, மெத்தையின் தையலோரம் போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பக்கத்து அறையும் வேண்டாம், வேறு கட்டடத்தில் கேளுங்கள். யன்னல் நுளம்பு வலையில் ஓட்டை, பல்கனிப் பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீர் இரண்டையும் டெங்குக்காகப் பார்க்க வேண்டும். தடாகத்தில் ஆழமான பக்கத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

குறை இருந்தால் சொல்லும் முறை

குரலை உயர்த்தத் தேவையில்லை. ‘தம்பி, டியூட்டி மனேஜரை ஒருக்காக் கூப்பிடுங்க’ போதும். வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைக்கு அறை மாற்றவோ காசு குறைக்கவோ அதிகாரம் இராது. அவரோடு வாதாடி அவரையும் அழவைக்க வேண்டாம். மனேஜரோடு கதைத்தவுடன் எழுத்திலும் அனுப்புங்கள். இப்படி:

‘வணக்கம். அறை 12. இன்று பி.ப. 3.10க்கு அறைக்குள் வந்தோம். ஏசி 20இல் 25 நிமிடம் ஓடியும் குளிரவில்லை. வீடியோ இணைத்துள்ளோம். 5 மணிக்குள் திருத்தித் தாருங்கள், அல்லது இதே வகை வேறு அறை தாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் இன்றிரவுக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.’

நேரம், குறை, ஆதாரம், கேட்பது என்ன, எத்தனை மணிக்குள் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ‘எல்லாம் மோசம்’ என்று எழுதினால் மன்னிப்புத்தான் கிடைக்கும். தருவதாகச் சொல்லும் இலவச இராச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டால் விஷயம் அதோடு தீர்ந்ததென்று ஆகிவிடும், ஏற்குமுன் யோசியுங்கள். தரம் குறைந்த அறைக்கு மாற்றினால் விலை வித்தியாசத்தை அப்போதே பில்லில் குறைக்கச் சொல்லுங்கள்.

வெளியேறும்போது பில்லை வரி வரியாகப் பாருங்கள். மினி ஃபிரிட்ஜ், துணி கழுவல், படகுச் சவாரி மூன்றிலும்தான் தெரியாத தொகைகள் ஒளிந்திருக்கும். முன்பதிவில் எழுதித் தந்த தொகைக்கு மேல் இருந்தால் அந்தச் செய்தியைக் காட்டுங்கள். தகராறு தீராவிட்டால், ‘இந்தத் தொகையை ஏற்காமல் செலுத்துகிறேன்’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டி, ஒரு பிரதி எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வீடு வந்ததும் வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதற்குக் கால எல்லை உண்டு.

வெளியே முறையிட இரண்டு இடம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. மாவட்டச் செயலகங்களில் அவர்களின் அலுவலகம் இருக்கிறது. எழுத்து முறைப்பாட்டைச் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் இலக்கம் 1912. அங்கே முறையிடுமுன் ஹோட்டல் அவர்களிடம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள், சான்றிதழ் பெரும்பாலும் வரவேற்பு மேசைச் சுவரில் தொங்கும். அதையும் படம் பிடித்து, முன்பதிவுச் செய்தி, முற்பணப் பற்றுச்சீட்டு, அறையில் எடுத்த படங்கள், மனேஜருக்கு அனுப்பிய செய்தி, கடைசிப் பில் ஆகியவற்றோடு திகதி வரிசையில் வைத்து, முதல் பக்கத்தில் எவ்வளவு தொகை திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள்.