மிச்சிகன் ஏரிக்கரையில் கலங்கரை விளக்கங்கள் பார்க்கப் போகிறீர்களா?

கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஜோசப்பில் தொடங்கி ஹாலந்து, கிராண்ட் ஹேவன், லடிங்டன் என்று வடக்கே போனால் சூரியன் ஏரிக்குள்தான் இறங்கும், அதனால் மாலை நேரத்தைக் கோபுரங்களுக்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பிக் சேபிள் பாயின்டுக்குப் போங்கள். 1867-இல் கட்டியது, 112 அடி உயரம். லடிங்டன் மாநிலப் பூங்காவில் காரை நிறுத்திவிட்டு மணல்மேடுகளை ஒட்டி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டே போனதும் சுவரைத் தொட்டுப் பாருங்கள்: செங்கல் அல்ல, இரும்புத் தகடு. உள்ளிருக்கும் செங்கல் உதிர ஆரம்பித்ததால் 1900-இல் இந்தச் சட்டையை மாட்டிவிட்டார்கள், அதனால்தான் அது இன்னும் நிற்கிறது. மேலே போக 130 படிகள். குளிர்காலத்தில் ஏற விடமாட்டார்கள்.

ஹாலந்தின் 'பிக் ரெட்' கோபுரத்தைக் கால்வாய்க்கு எதிர்க்கரையில், ஹாலந்து மாநிலப் பூங்காவிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

அப்புறம் கிராண்ட் ஹேவன். அங்கே அலைதடுப்புச் சுவர்மேல் நடந்தே சிவப்புக் கோபுரங்களை நெருங்கலாம், ஆனால் காற்று பலமாக அடித்தால் வேண்டவே வேண்டாம், ஏரிதானே என்று நினைக்காதீர்கள், அலை சுவரைத் தாண்டி வந்து ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும்.