அந்துப்பூச்சிக்குப் பெயர் சொல்வதில் நேரும் தவறுகள்

இரவில் வெளிச்சத்தால் பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் விளக்குப்பொறிக்கு வந்த அந்துப்பூச்சியின் முன்னிறக்கையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவதுதான் புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு. எலுமிச்சை, மாதுளைத் தோட்டங்களுக்கு இரவில் வரும் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி இறக்கையை மடித்து அமர்ந்திருக்கும்போது காய்ந்த இலையாகவே தோன்றும். சிற்றினத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமோ உள்ளே மறைந்திருக்கும் மஞ்சள் பின்னிறக்கையில் இருக்கிறது. அதன் நடுவே உருண்டையான கரும்புள்ளி இருந்தால் யூடோசிமா மெட்டர்னா. காற்புள்ளிபோல் வளைந்த கருந்திட்டு இருந்தால் யூடோசிமா ஃபலோனியா. மெல்லிய குச்சியால் முன்னிறக்கையைச் சற்றே விலக்கினால் போதும், ஐயம் தீர்ந்துவிடும்.

ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணுவது இதைவிட அதிகக் குழப்பம் தருவது. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவின் ஆண் அந்துப்பூச்சிக்கு முன்னிறக்கையின் நுனியருகே முக்கோண வடிவ வெண்திட்டு உண்டு. பெண்ணின் இறக்கையோ சாம்பலும் பழுப்புமாக மங்கியிருக்கும். பெண் பூச்சியின் மணத்தால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண்களே விழும் என்பதால், அதைப் பார்த்தே கண் பழகியவர்கள் விளக்குப்பொறிக்கு வரும் பெண்ணை வேறு ஏதோ பூச்சி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெள்ளைப் பின்னிறக்கையைக் கண்டவுடன் படைப்புழு என்று முடிவு கட்டுவதும் சரியன்று. புகையிலை வெட்டுப்புழுவுக்கும் பின்னிறக்கை வெள்ளைதான், முன்னிறக்கையில் வலைபோல் ஓடும் வெளிர்கோடுகளே அதைப் பிரித்துக் காட்டும். பொறியில் கிடந்து செதில் உதிர்ந்துபோன பூச்சியில் இந்தக் கோடுகளும் திட்டுகளும் அழிந்திருக்கும் என்பதால், இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் அதற்குப் பெயர் எழுதாதிருப்பதே நேர்மை.

பகலில் பறக்கும் எதுவும் அந்துப்பூச்சியாக இருக்காது என்று கருதுவோரும் உண்டு. காபிச் செடியின் இலையைத் தின்று வளரும் செஃபோனோடெஸ் ஹைலாஸ் என்னும் அந்துப்பூச்சி பகலில்தான் பூக்களின்முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். முதல் பறத்தலிலேயே செதில்கள் உதிர்ந்து இறக்கை கண்ணாடிபோல் ஆகிவிடுவதால், பலர் அதை வண்டு என்றே சொல்வார்கள். சுருண்டு மடியும் உறிஞ்சுகுழலைக் கவனித்தால் அந்தக் குழப்பம் வராது.

கண்ட இடத்தைக் குறிக்காமல் படத்தை மட்டும் வைத்துப் பெயர் தேடுவதும் தவறான விடைக்கே கொண்டுசெல்லும். வடகிழக்கு மாநிலங்களில் உள்ளது அட்டாகஸ் அட்லஸ் என்னும் பெரிய அந்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள, பார்வைக்கு ஏறத்தாழ அதேபோன்ற பெரிய பூச்சியின் பெயர் அட்டாகஸ் டாப்ரோபானிஸ்.