பெட்ரூம் கர்ட்டனை ரெடிமேடா வாங்காம நாமளே தைச்சுக்கலாம் – புதுசா வந்தவங்களுக்கு

வெளிநாட்டுக்கு புதுசா வந்து வீடு எடுத்தவங்க பலபேர் கட்டில், மெத்தை, பாத்திரம்னு எல்லாம் வாங்கி முடிச்சப்புறம்தான் ஜன்னலையே பாப்பாங்க, அப்ப கையில காசு இருக்காது, ரெடிமேட் கர்ட்டன் விலைய பாத்துட்டு ஒரு போர்வைய எப்படியோ தொங்கவிட்டு மாசக்கணக்கா ஓட்டுவாங்க. அப்படி இருக்க வேண்டியதே இல்லைங்க. கர்ட்டன்ங்கிறது நாலு பக்கமும் நேர் தையல், வளைவு நெளிவு எதுவும் கிடையாது, மெஷின் இல்லாம கையாலயே முடிச்சுரலாம். கஷ்டம் பூராவும் அளவெடுக்கிறதுலதான், அதனால அதைத்தான் விலாவாரியா சொல்றேன்.

முதல்ல பெட்ரூமுக்கு பண்ணுங்க, ஹால் ஜன்னல் கொஞ்சநாள் வெறுமனே கிடக்கட்டும். பூமத்திய ரேகையில இருந்து ரொம்ப தள்ளி இருக்கிற நாடுகள்ல கோடையில விடிகாலை நாலு நாலரைக்கே வெளிச்சம் வந்துரும், ராத்திரி ஒன்பது பத்து வரைக்கும் இருட்டாது. நைட் ஷிஃப்ட் போறவங்களும் கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களும் இதுல படுற பாடு சொல்லி மாளாது.

துணி வாங்குறதுக்கு முன்னாடி ராடு. வாடகை வீடுன்னா சுவத்துல ஓட்டை போடலாமான்னு அக்ரிமென்ட்ல பாருங்க, தெளிவா இல்லைன்னா ஓனர்கிட்ட மெசேஜ்லயோ மெயில்லயோ கேட்டு பதில வாங்கி வச்சுக்கோங்க, வாய்வார்த்தையா விட்டா பின்னாடி டெபாசிட்ல பிடிக்கும்போது நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது. ஓட்டை போடக்கூடாதுன்னா ஸ்பிரிங் வச்ச டென்ஷன் ராடு இருக்கு, ஜன்னல் குழிக்குள்ளயே ரெண்டு பக்க சுவத்தையும் நெட்டித் தள்ளி நிக்கும், ஆனா லேசான துணிக்குதான் தாங்கும், அகல ஜன்னல்னா நடுவுல தொய்ஞ்சுரும். ஓட்டை போட விட்டாங்கன்னா ஃபிரேமுக்கு மேல 10, 15 சென்டிமீட்டர் தள்ளி, ரெண்டு பக்கமும் ஒரு 15 சென்டிமீட்டராவது நீட்டி மாட்டுங்க. ஓரத்துல வெளிச்சம் கசியறது நல்லா குறையும், பகல்ல கர்ட்டன ஒதுக்கினா கண்ணாடி முழுசா திறந்திருக்கும்.

ராடு மாட்டினப்புறம்தான் அளவு. அகலத்துக்கு ஜன்னல அளக்காதீங்க, ராட அளங்க. அந்த அகலத்துக்கே துணி எடுத்தா இழுத்து மூடும்போது விறைச்சு நிக்கும், கொசுவம் விழாது, அதனால ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் எடுக்கணும். காசு கம்மின்னா ஒன்றரையே போதும், பாக்க நல்லாத்தான் இருக்கும். உதாரணத்துக்கு ராடு 160 சென்டிமீட்டர்னா ஒன்றரை மடங்கு 240, ரெண்டு பக்கத்துக்கு ஆளுக்கு 120, ஓர மடிப்புக்கு இந்தப்பக்கம் 5 அந்தப்பக்கம் 5 சேத்தா 130. துணி 140 அகலத்துல கிடைச்சா ஒட்டு போடாமலே ஒரு பக்கம் வந்துரும். உயரம் ராடுல இருந்து 210 வேணும்னா மேல ராடு நுழையற குழாய்க்கு மடிக்க 10, கீழ ரெண்டு மடிப்பு மடிக்க 20, ஆக 240, காட்டன்னா துவைச்சா சுருங்கும்னு இன்னொரு 10. ஒரு பக்கத்துக்கு 250, ரெண்டுக்கும் 5 மீட்டர், அவ்வளவுதான் கணக்கு. பெரிய டிசைன் போட்ட துணின்னா ரெண்டு பக்கமும் பூ ஒரே மட்டத்துல வரணும், அதுக்கு கூடுதலா வாங்கவேண்டி வரும், பட்ஜெட்ல பண்றவங்க பிளெயின் துணியே எடுங்க.

இன்னும் செலவ குறைக்கணும்னா மீட்டர் துணியே வேண்டாம், டபுள் சைஸ் பெட்ஷீட் ஒண்ணு வாங்குங்க. எலாஸ்டிக் வச்சது இல்ல, சாதாரண விரிப்பு. என்னைக் கேட்டா புதுசா வந்தவங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்ல. நீளவாக்குல நடுவுல வெட்டினா ரெண்டு கர்ட்டன், வெட்டின ஓரத்த மட்டும் மடிச்சு தைச்சா போதும், மத்த ஓரமெல்லாம் ஏற்கனவே தைச்சிருக்கும். நிறைய ஷீட்ல தலைமாட்டுப் பக்கம் அகலமா ஒரு மடிப்பு இருக்கும், அதோட ரெண்டு முனையிலயும் தையல பிரிச்சா ராடு நுழையற குழாய் ரெடி. ராடு உள்ள போகுமான்னு மட்டும் முதல்லயே பாத்துக்கோங்க. பழைய காட்டன் சேலையும் ஆகும், அஞ்சரை மீட்டர் நீளம் இருக்கிறதால குறுக்க ரெண்டா வெட்டலாம், ஆனா வெளிச்சம் நல்லாவே உள்ள வரும், பின்னாடி இன்னொரு துணி குடுக்கணும். பட்டு வேண்டாம், தினமும் வெயில் பட்டா இழை இத்துப்போயிரும்.

வெட்டுறதுக்கு முன்னாடி காட்டன துவைச்சு காயவச்சு அயர்ன் பண்ணிருங்க. நேரா வெட்ட ஸ்கேல நம்பாதீங்க, குறுக்குவாட்டுல ஒரு நூல மெதுவா உருவுங்க, அந்தக் கோடு மேலயே கத்திரிக்கோல் போகட்டும். சாயஞ்சு வெட்டின கர்ட்டன் தொங்கும்போது ஒருபக்கமா இழுத்துக்கிட்டேதான் நிக்கும், அதை அப்புறம் சரிபண்ண முடியாது.

தையல்ல முதல்ல ரெண்டு ஓரம், அப்புறம் மேல, கடைசியா கீழ. ஒவ்வொரு மடிப்பையும் அயர்ன் பாக்ஸால அழுத்திட்டு தைச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ராடு போற குழாய்க்கு பின்தையல் (ஊசிய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னாடி குத்தி முன்னாடி எடுக்கிறது) போடுங்க, அங்கதான் இழுப்பு ஜாஸ்தி, ஓரத்துக்கெல்லாம் ஹெம்மிங் போதும். பாலியெஸ்டர் நூல் நல்லது. கிளிப் வச்ச வளையம் வாங்கினீங்கன்னா குழாயே தைக்க வேண்டாம், மேல மடிச்சு கவ்வவிட்டா சரி. அயர்ன் பண்ணினா ஒட்டிக்கிற ஹெம் டேப்பும் இருக்கு, ஆனா கனமான துணிக்கும் அடிக்கடி துவைக்கிறதுக்கும் நிக்காது. மெஷின் வேணும்னாலும் வாங்காதீங்க, சில ஊர்ல லைப்ரரியிலயும் கம்யூனிட்டி சென்டர்லயும் உக்காந்து தைக்க விடுவாங்க, விசாரிச்சு பாருங்க.

கும்மிருட்டு வேணும்னா பிளாக்அவுட் லைனிங்னு ஒருபக்கம் ரப்பர் மாதிரி கோட்டிங் வச்ச துணி இருக்கு. அதை கர்ட்டனோட சேத்து தைக்காம தனியா வெட்டி கர்ட்டன் மாட்டின அதே கிளிப் வளையத்துல பின்னாடி மாட்டுங்க, பெரும்பாலும் ஓரம் பிசிறாது, தைக்கவே வேண்டாம். குண்டூசி குத்தாதீங்க, ஒவ்வொரு ஓட்டையும் வெயில்ல புள்ளி புள்ளியா தெரியும், துணி கிளிப் போட்டு பிடிங்க. கோட்டிங் பக்கம் அயர்ன் வைக்கவே கூடாது.

குளிர் நாட்டுல இருக்கிறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஜன்னலுக்கு கீழ ரேடியேட்டர் (ரூம சூடாக்க சுவத்துல மாட்டியிருக்கிற பேனல்) இருந்தா கர்ட்டன் ஜன்னல் திண்டோட நிக்கட்டும், ரேடியேட்டர மூடினா சூடெல்லாம் கண்ணாடிப் பக்கமே போயிரும். கரன்ட் ஹீட்டர் வச்சிருந்தா துணிக்கும் அதுக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி வேணும், இதுல அசால்ட்டா இருக்காதீங்க, தீப்பிடிக்கிற விஷயம். காலையில கண்ணாடியில தண்ணி கோத்து நின்னா துடைச்சுட்டு கர்ட்டன விலக்கி வைங்க, ஈரத்துல ஒட்டிக்கிட்டே இருந்தா பூஞ்சை புடிக்கும்.

கீழ மடிப்ப மட்டும் உடனே தைக்காதீங்க. மாட்டிட்டு ரெண்டு மூணு நாள் தொங்கட்டும், துணி தன் கனத்துல கொஞ்சம் இறங்கும், அப்புறம் தரையில இருந்து (ரேடியேட்டர் இருந்தா ஜன்னல் திண்டுல இருந்து) ஒரு சென்டிமீட்டர் மேல நிக்கிற மாதிரி குறிச்சு தைங்க. மிச்சத்த வெட்டாம உள்ளயே மடிச்சு விடுங்க, வந்த புதுசுல எல்லாரும் ரெண்டு மூணு வீடு மாறுவோம், அடுத்த ஜன்னல் உயரமா இருந்தா தையல பிரிச்சு இறக்கிக்கலாம்.