ஆக்சலாட்டில் வருவதற்கு முன்னால் தண்ணீர் தயாராக வேண்டும்

ஆக்சலாட்டில் (தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர், தவளையைப் போல நீர்நில வாழ்வன வகை) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "தொட்டி சைக்கிள் ஆகிவிட்டதா?" என்றுதான், அதாவது கழிவின் விஷத்தை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேறிவிட்டதா என்று. எந்த நிறம், என்ன பெயர், தொட்டிக்குள் என்ன வைப்பது எல்லாம் அப்புறம். இந்த உயிரினத்தின் தோல் மிக மெல்லியது. செவுள்கள் தலைக்கு இரண்டு பக்கமும் வெளியே விரிந்து நிற்கின்றன. மீனுக்காவது செவுளை மூட ஒரு மூடி உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. தண்ணீரில் இருப்பது எதுவானாலும் நேராக உடம்பைத் தொடும்.

தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. செவுளைக் கருக்கும் அளவுக்கு அம்மோனியா இருக்கும்போதும் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும், வாடையும் வராது. அதனால் தொட்டி வாங்கும்போதே சொட்டு மருந்து வகை சோதனைக் கிட் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில காரத் தன்மை) ஆகிய நான்கையும் அளக்கிற கிட்டாக இருக்கட்டும். தாள் பட்டையை நனைத்துப் பார்க்கும் வகை எனக்குத் திருப்தி தருவதில்லை. அதில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும், பல பட்டைகளில் அம்மோனியா சோதனையே இருக்காது. கூடவே தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட் கடினத்தன்மை) கிட் ஒன்றும், நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்றும் வேண்டும்.

எந்த எண்கள் வர வேண்டும்? அம்மோனியா 0, நைட்ரைட் 0. இந்த இரண்டிலும் சமாதானமே கிடையாது. நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே இருந்தால் நல்லது, 40-ஐத் தொட விடாதீர்கள். பிஎச் 6.5-லிருந்து 8 வரை தாங்கும், 7.4 முதல் 7.6 வரை இருந்தால் அருமை. ஜிஎச் 7 முதல் 14 டிகிரி, கேஎச் 3 முதல் 8 டிகிரி. வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். பெரிய ஆக்சலாட்டில் ஒன்றுக்குக் குறைந்தது 110 லிட்டர் தொட்டி வையுங்கள். இது நிறைய கழிவு போடும் பிராணி, சின்னத் தொட்டியில் இந்த எண்களைப் பிடித்து வைப்பது பெரும்பாடு.

குழாயிலிருந்து தொட்டி வரை

முதலில், தொட்டிக்குப் போகாத வெறும் குழாய்த் தண்ணீரைச் சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் 20 இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டியில் அது 20-க்குக் கீழே இறங்காது. கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நிலத்தடியிலிருந்து புதிதாக வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் கரைந்திருக்கலாம், அப்போது பிஎச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்பு போட்டு ஒரு நாள் விட்டு, மறுபடியும் அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான பிஎச்.

பொது விநியோகத் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) இருக்கும். குளோரின் மட்டும் என்றால் காற்றோட்டத்தோடு 24 மணி நேரம் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. உங்கள் ஊர்த் தண்ணீரில் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், குளோரின் நீக்கி மருந்தை ஊற்றிவிடுவதுதான் சரி. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: கற்றாழை சேர்த்த மருந்து வேண்டாம். மீனின் தோலுக்கு நல்லது என்று சொல்லிச் சேர்ப்பார்கள், நீரிலும் நிலத்திலும் வாழும் இனங்களின் தோலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. இன்னொரு விஷயம், குளோரமினை உடைக்கும்போது அதிலிருந்து கொஞ்சம் அம்மோனியா வெளியே வரும். அதையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவதாக இருந்தால், ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் அல்ல, முழுத் தொட்டியின் அளவுக்கும் மருந்து கணக்கிடுங்கள். வாளியிலேயே கலந்துவிட்டு ஊற்றுவது இன்னும் பாதுகாப்பு, நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆர்ஓ தண்ணீர் சுத்தமானதுதானே, அதையே ஊற்றலாமா? கூடாது. அதில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை. ஆக்சலாட்டில் ஓரளவு கடினமான தண்ணீரில் வாழப் பழகியது, வெறும் ஆர்ஓ தண்ணீரில் அதன் உடம்பிலிருக்கும் உப்புகளின் சமநிலை கெடும். கேஎச் இல்லாத தண்ணீரில் பிஎச்சும் நிலையாக நிற்காது.

சைக்கிள்

இந்தப் பகுதியில்தான் பொறுமை வேண்டும், இதை அவசரப்படுத்தவே முடியாது. கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல, தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் ஆக்சலாட்டில் இருக்கக் கூடாது.

தொட்டியை நிரப்பி, குளோரினை நீக்கி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட விடுங்கள். வாசனையும் சோப்பும் கலக்காத சுத்தமான அம்மோனியா திரவம் தேவை. பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள்: நுரை வந்து அப்படியே நின்றால் அதில் சோப்பு இருக்கிறது, தொடாதீர்கள். அளவு 2 பிபிஎம் காட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உயிரினம் எதுவும் உள்ளே இல்லை என்பதால் இந்தச் சமயத்தில் மட்டும் ஹீட்டர் போட்டு 26 முதல் 28 டிகிரி வரை வைக்கலாம், பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளந்து நோட்டில் குறித்து வாருங்கள். முதல் சில வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா குறையக் குறைய மறுபடியும் 2 பிபிஎம்முக்குக் கொண்டு வாருங்கள், நைட்ரைட் மிக அதிகமாக ஏறிவிட்டால் அது இறங்கும்வரை புதிதாக அம்மோனியா சேர்க்காதீர்கள்.

நடுவில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டால் கேஎச்சைப் பாருங்கள். இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்ய கேஎச்சைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்தால் பிஎச் சரிந்துவிடும், பாக்டீரியாவும் ஓய்ந்துவிடும். பாதித் தண்ணீரை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குழாய்த் தண்ணீரே மென்மையானது என்றால் நொறுக்கிய பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள், மெதுவாகக் கரைந்து கேஎச்சைத் தாங்கிப் பிடிக்கும்.

2 பிபிஎம் அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-வுக்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் சைக்கிள் முடிந்தது. ஒரே ஒரு நாள் அப்படிக் காட்டினால் நம்ப வேண்டாம், தொடர்ந்து சில நாள் காட்டட்டும். பிறகு பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, ஹீட்டரை எடுத்துவிட்டு, தண்ணீரைக் குளிர வைத்து ஆக்சலாட்டிலை விடலாம். குளிர்ந்த தண்ணீரில் பாக்டீரியா கொஞ்சம் மந்தமாகும், அதனால் முதல் இரண்டு வாரம் தினமும் அளந்து பாருங்கள். ஆரோக்கியமான வேறொரு தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு நன்றாகக் குறையும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

"ஏற்கெனவே வாங்கிவிட்டேனே!" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மூடி உள்ள பிளாஸ்டிக் டப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆக்சலாட்டில், மற்றதில் குளோரின் நீக்கி, அதே வெப்பநிலைக்குக் கொண்டு வந்த நாளைய தண்ணீர். தினமும் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், ஒரு நாள் கூடத் தவறக் கூடாது. தொட்டி தனியாக சைக்கிள் ஆகட்டும். இதில் வேலை அதிகம்தான், ஆனாலும் சைக்கிள் ஆகாத தொட்டியில் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வெப்பம்

இந்த இனத்தின் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் உள்ள சொச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள இடம், தண்ணீர் குளுமையாக இருக்கும். 20 டிகிரியைத் தாண்டினாலே நான் கவலைப்பட ஆரம்பிப்பேன். 24 டிகிரி என்பது ஆபத்து. சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு: 16 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.9 மில்லிகிராம், 28 டிகிரியில் சுமார் 7.8 மில்லிகிராம். அதே சூட்டில் பூஞ்சையும் நோய்க் கிருமிகளும் செழிக்கும், அம்மோனியாவின் விஷமும் கூடும். பிஎச்சும் இதில் சேர்ந்துகொள்ளும்: பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் சில டிகிரி இறங்கும், காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அவ்வளவு இறங்காது. அறையே எப்போதும் சூடாக இருக்கும் இடத்தில் வாழ்பவர்கள் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்காமல் ஆக்சலாட்டில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்க விடுவது அவசரத்துக்கு மட்டும்தான். வெப்பநிலை சடசடவென்று இறங்குவதும், உருகியதும் மறுபடி ஏறுவதும் அதன் உடம்பை வாட்டும்.

விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், தாது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீர் உதவுவது இங்கேதான். ஆவியான அளவுக்கு மட்டும் அதை ஊற்றுங்கள்.

வாராவாரம்

கழிவை வாரக் கடைசிவரை விட்டு வைக்காதீர்கள். பெரிய பிளாஸ்டிக் பிப்பெட் ஒன்று தொட்டிப் பக்கத்திலேயே தொங்கட்டும், பார்த்தவுடன் உறிஞ்சி எடுத்துவிடலாம். சாப்பிடாமல் விட்ட மண்புழுத் துண்டும் அப்படித்தான். தரையில் சரளைக் கல் வேண்டாம். அழுக்கு இடுக்கில் புகுந்து அழுகும், ஆக்சலாட்டில் வாயைத் திறந்து இரையை உறிஞ்சும்போது கல்லும் சேர்ந்து போய்க் குடலை அடைக்கும். நைஸான மணல் போடுங்கள், அல்லது வெறும் கண்ணாடித் தரையே போதும்.

வாரம் ஒரு முறை 20 முதல் 25 சதவீதம் தண்ணீரை சைஃபன் குழாயால் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாளி இதற்கென்றே தனியாக இருக்கட்டும், சோப்பு படவே கூடாது. புதுத் தண்ணீரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தால் போதாது, தெர்மாமீட்டர் வையுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். பிழிந்ததும் வாளி முழுக்கப் பழுப்பாகிவிடும். இரண்டு மூன்று பிழி போதும், வெள்ளையாகும்வரை அலச வேண்டாம். குழாயடியில் பிடித்தால் குளோரின் அத்தனை வாரம் வளர்த்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

நைட்ரேட் சோதனையை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். பல கிட்களில் அதன் இரண்டாவது பாட்டிலில் தூள் அடியில் படிந்துவிடும். சொட்டு விடுவதற்கு முன் அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு சோதனைக் குழாயை இன்னொரு நிமிடம் குலுக்க வேண்டும். குலுக்காமல் பார்த்தால் நைட்ரேட் குறைவாகத்தான் காட்டும், நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். மணி பிளான்ட் கொடியின் வேர்களைத் தண்ணீரில் தொங்க விட்டால் நைட்ரேட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இலைகள் வெளியே இருக்கட்டும்.

நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. வெள்ளையாக இருப்பவள் பெயர் சங்கு. அவள் நன்றாக இருக்கும்போது செவுள் இழைகள் சிவந்து, பின்பக்கமாகத் தளர்ந்து கிடக்கும், அவ்வப்போது மூன்று ஜோடிக் கிளைகளையும் ஒரு தடவை சட்டென்று உதறிக்கொள்வாள். செவுள்கள் முன்பக்கமாக வளைந்தால் நீரோட்டம் அதிகமா, தண்ணீரில் கோளாறா என்று உடனே பார்க்கிறேன். வால் நுனி சுருண்டு நின்றாலும், சாப்பிட மறுத்தாலும் அப்படித்தான்: முதலில் தெர்மாமீட்டர், அடுத்தது சோதனைக் கிட், மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 காட்டினால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். 0.5-க்கு மேல் போனால் ஆக்சலாட்டிலை டப்புக்கு மாற்றிவிடுவது நல்லது. பயத்தில் ஃபில்டரை முழுக்கக் கழுவிவிடாதீர்கள், இருக்கிற பாக்டீரியாவும் போய்விடும். மீன் மருந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவும் கூடாது. பலவற்றில் செம்பு இருக்கிறது, இந்தத் தோலுக்கு அது நஞ்சு. உடம்பு தேறவில்லை என்றால் இந்த இனத்தைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே யோசித்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு ஒன்று இருந்தால் ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருக்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், அது பல மணி நேரம் நின்றுவிட்டால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு தடவை அலசி மாட்டுங்கள். அன்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, அடுத்த மூன்று நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து பாருங்கள்.