குழுக் கடன்: கையில் பணம் வந்தால் ‘அட்வான்ஸ் தவணை’ கட்டாதீர்கள்

தீபாவளி வியாபாரத்தில் நாலு காசு மிஞ்சினால், மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஆனால் “அசலில் கழியுங்கள்” என்று எழுதிக் கொடுத்தே கட்டுங்கள். வசூலுக்கு வருபவர் அதை வருகிற மாதத் தவணை என்று அட்டையில் ஏற்றிவிட்டால் வட்டி ஒரு பைசா குறையாது.

காரணம், இந்தக் கடன்களுக்கு வட்டி மீதி அசலுக்குத்தான் ஓடுகிறது. 50,000 ரூபாய், 24 மாதம், ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் தவணை சுமார் 2,644. பன்னிரண்டாவது தவணையைக் கட்டிய கையோடு கடனை முடித்தால், மேற்கொண்டு 27,956 கட்டினால் போதும். வட்டியில் ஏறக்குறைய 3,760 மிச்சம். இட்லிக் கடைக்கு அது இரண்டு மூட்டை அரிசிக் காசு. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி. கட்டிய அன்றே ரசீதும், புதிய தவணை அட்டவணையும் வாங்குங்கள். முழுதாக முடித்தால் ‘கடன் பாக்கி இல்லை’ கடிதம் கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த கடன் கேட்கும்போது பழையது நிலுவையாகக் காட்டலாம், வீட்டுக்காரருக்கும் சிக்கல், ஏனென்றால் கடன் வரம்பைக் குடும்பத்துக்கே சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

கடைசி நாலைந்து தவணைதான் பாக்கி என்றால் இதில் பெரிய லாபமில்லை, மேலே சொன்ன கடனில் ஐநூறிலிருந்து எழுநூற்றைம்பது ரூபாய் மிஞ்சலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேல் காட்டி வாங்கிய கடனுக்கும், தண்டல்காரரிடம் வாங்கியதற்கும் இந்த விதி பொருந்தாது. சரக்கு எடுக்க வைத்திருக்கும் முதலைத் தொடவே வேண்டாம். மறுவாரமே தண்டலுக்குப் போக நேரும், அந்த வட்டி இதைவிடப் பல மடங்கு.