லிஃப்டர் மாத்தின உடனே சாவி போட்றாதீங்க!

காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்ட் டிக் டிக்னு டேப்பட் சத்தம் வந்து நின்னுட்டா பயப்பட வேணாம், ஹைட்ராலிக் லிஃப்டர்ல (கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல ஆயில் பிரஷர்ல வேல செய்ற சின்ன கிண்ணம், டேப்பட்னும் சொல்லுவாங்க) ஆயில் வடிஞ்சு போயிருக்கும் அவ்ளோதான். எஞ்சின் நல்லா சூடான பிறகும் விடாம அடிச்சா மொதல்ல ஆயில் லெவல், ஆயில் பிரஷர் பாருங்க, பாதி நேரம் குத்தம் அங்கதான் இருக்கும்.

அது ரெண்டும் சரியா இருந்தா ஹெட் கவர கழட்டி, கேம் மூக்கு (கேம்ஷாஃப்ட்ல துருத்திட்டு இருக்கிற பகுதி) மேல பாத்து நிக்கிற எடத்துல இருக்க லிஃப்டர ஒரு மரக்குச்சியால அழுத்துங்க, கல்லு மாதிரி நிக்காம மெத்துனு உள்ள போனா அதுதான் செத்துப்போன லிஃப்டர். கேம்ஷாஃப்ட எடுத்துட்டு லிஃப்டர ஒண்ணொண்ணா உருவி முட்டை அட்டையில நம்பர் போட்டு வைங்க, கேம் உரசுற பக்கம் கீழ இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்க ஆயில் வடிஞ்சிடும். பழசுல நல்லத திரும்ப போடுறதா இருந்தா எடுத்த குழியிலயே போடணும், மாத்திப் போட்டா கேமும் சேந்து தேயும், இதுல தயவுசெஞ்சு அசால்ட்டா இருக்காதீங்க.

எல்லாம் மாட்டியாச்சுன்னு உடனே சாவி போடாதீங்க, இது ரொம்ப முக்கியம். புது லிஃப்டர் நீண்டு நிக்கும், வால்வ் முழுசா மூடாது, பிஸ்டன் வந்து இடிச்சா வால்வ் வளைஞ்சிடும். ஃபோக்ஸ்வேகன் மாதிரி எஞ்சின்ல லிஃப்டர் அமுங்கி சரியாக 30 நிமிஷம் அப்படியே விடணும், அப்புறம் கிராங்க்ஷாஃப்ட் போல்ட்ல ஸ்பானர் போட்டு எஞ்சின கையால ரெண்டு சுத்து மெதுவா சுத்துங்க, எங்கயாவது தட்டினா அங்கயே நிறுத்திடுங்க.