எச்4 ஹெட்லைட்டுக்கு ரிலே வயரிங்: வீட்டிலேயே செய்வது எப்படி

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி, தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரிக்காக லைட்டை டிம் செய்தேன். லாரி கடந்த அடுத்த நொடி, முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. பிரேக்கை மிதித்து நின்றபோது வைக்கோல் நுனி பானெட்டில் உரசியது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, "என்னடா ஆச்சு?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாளே லைட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எச்4 பல்பு போட்ட எந்தக் காருக்கும் இது பொருந்தும். பழைய ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்றவை. ஒரே பல்புக்குள் டிம், பிரைட் இரண்டும் இருந்து, பின்னால் மூன்று பின் இருந்தால் அது எச்4.

முதலில் அளந்து பாருங்கள்

கடையில் கேட்டால் 100/90 வாட் பல்பு போடச் சொல்வார்கள், இல்லையென்றால் எல்இடி. இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கம்பெனி வயரும் ஹோல்டரும் 60/55 வாட் பல்புக்கு அளவெடுத்தவை. 100 வாட் ஓடினால் ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். எல்இடியின் சிக்கல் வேறு. பல்புக்குள் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, அதைக் கணக்கு வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடி அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே ஒளி சிதறி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எனக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக எதிரே பைக்கில் வருபவர் ரோடு தெரியாமல் தடுமாறக் கூடாது.

இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒரு அளவு, பல்பு பின்களில் ஒரு அளவு எடுங்கள். என் வண்டியில் பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பில் 12.2. பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய், மறுபடி முன்பக்கம் வரும் மெல்லிய வயரில் மீதி 1.9 வோல்ட் கரைந்துவிடுகிறது. ஹாலோஜன் பல்பில் இது சின்ன விஷயமில்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இதற்குத்தான் ரிலே. அது ஒரு மின்சார ஸ்விட்ச்: பழைய வயர் அதை இயக்கும் சிக்னலை மட்டும் கொடுக்கும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரே போகும்.

உங்கள் வண்டியில் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்தான் என்றால் இந்த வேலையே தேவையில்லை. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். 1000, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டாலே போதும்.

தேவையானவை

நான்கு பின் ரிலே இரண்டு, 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஹோல்டருடன் இரண்டு, 2.5 சதுர மி.மீ. வயர், எச்4 ஹோல்டர் இரண்டு (பீங்கான் ஹோல்டராகவே வாங்குங்கள்), பழைய ஹோல்டரில் சொருக ஒரு ஆண் பிளக். எல்லாம் சேர்ந்த ரெடிமேட் செட்டும் கிடைக்கிறது. நான் அதைத்தான் வாங்கினேன். ஆனால் எர்த் வயர் (பல்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம்) ரொம்ப மெல்லிசாக இருந்ததால் அதை மட்டும் மாற்றினேன்.

கிரிம்பிங் டூலில் (வயர் முனையில் உலோக டெர்மினலை அழுத்திப் பிணைக்கும் இடுக்கி) காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் சூட்டில் ஒரு வருடம்கூடத் தாங்காது, டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

வயரிங்

வேலையைத் தொடங்குவதற்கு முன், சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் லைட்டின் மேல் விளிம்பு சுவரில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கடைசியில் இது உதவும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

ரிலேயில் எண்கள் பொறித்திருக்கும். 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக வயர். அந்த ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 87-இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் காயில், அதாவது ரிலேயை இழுக்கும் கம்பிச் சுருளின் முனைகள். ஒன்றுக்குப் பழைய ஹோல்டரிலிருந்து சிக்னல், இன்னொன்றுக்கு எர்த். ஒரு ரிலே டிம்முக்கு, இன்னொன்று பிரைட்டுக்கு. ஐந்து பின் ரிலே கையில் கிடைத்தால் 87ஏ பின்னில் எதையும் மாட்டாதீர்கள். மாட்டினால் ஸ்விட்ச் போடாமலே லைட் எரியும்.

ரிலேக்களை ரேடியேட்டரிலிருந்து தள்ளி, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி போல்ட் போட்டு நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. பல்பு மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

எர்த்: என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது

எல்லாம் மாட்டி லைட்டைப் போட்டேன். இடது பக்கம் வெள்ளைவெளேரென்று எரிந்தது. வலது பக்கம் பழைய மாதிரியே மங்கல். பல்பை இடம் மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், ரிலேயைக்கூட மாற்றினேன். மாற்றமே இல்லை. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, பல்பின் பாசிட்டிவ் பின்னை அளந்தால் 13.7 காட்டியது. பாசிட்டிவ் பக்கம் குறையே இல்லை.

மறுநாள் சாயங்காலம்தான், லைட் எரியும்போதே மீட்டரின் சிவப்பு முனையைப் பல்பின் எர்த் பின்னில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. 1.2 வோல்ட். அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். எர்த் வயரை ஃபெண்டர் ஓரம் இருந்த ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைப் பக்கம் மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, முள் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது பல்பின் இரண்டு பின்களுக்கு நடுவே 13.6. கணக்குப்படி முன்பைவிட 45 சதவீதம் அதிக வெளிச்சம், அதே 60/55 வாட் பல்பில். பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும்தான். அந்தச் செலவை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் செய்யும்போது முதலிலேயே எர்த் பக்கத்தைத் தனியாக அளந்துவிடுங்கள். முடிந்தால் எர்த்தை நேரே பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை: ரிலே "டிக்" என்று இழுக்கவில்லை என்றால்

இதைப் படித்துவிட்டுச் செய்த இரண்டு பேர், லைட்டே எரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சில கார்களில் ஸ்விட்ச், பாசிட்டிவ் பக்கத்தில் இல்லாமல் எர்த் பக்கத்தில் இருக்கும். ஹோல்டரின் பொதுப் பின்னில் பாசிட்டிவ் நிற்கும். டிம், பிரைட் பின்களைத்தான் ஸ்விட்ச் எர்த்துடன் சேர்க்கும். அப்படிப்பட்ட வண்டியில் காயிலின் இரண்டு முனையும் எர்த் ஆகிவிடுவதால் ரிலே இழுக்காது.

இதற்கு வழி சுலபம். காயிலின் எர்த் முனையை பாடியில் மாட்டாமல், பழைய ஹோல்டரின் பொதுப் பின்னில் மாட்டுங்கள். எந்த வகை வண்டியானாலும் வேலை செய்யும். டயோடு வைத்த ரிலே மட்டும் இதற்கு வேண்டாம். அதற்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் திசை உண்டு. எது பொதுப் பின் என்பதை ஏதாவது வயரிங் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரால் பாருங்கள். டிம்மில் ஒரு ஜோடிப் பின்னில் 12 வோல்ட் வரும், பிரைட்டில் வேறு ஜோடியில் வரும். இரண்டு ஜோடியிலும் இருப்பது எதுவோ அதுதான் பொதுப் பின்.

கடைசியாக, குறி வைப்பது

வெளிச்சம் கூடியிருப்பதால் இதை விட்டுவிடவே கூடாது. டயர் காற்று சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, அதே சுவர் முன் அதே 5 மீட்டரில் நிறுத்துங்கள். டிம் லைட்டின் மேல் விளிம்பு, விளக்கின் நடு உயரத்தைவிட சுமார் 5 செ.மீ. கீழே விழ வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் ஒளி இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலேறும், அது சரிதான். முன்பு போட்ட சாக்பீஸ் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் பல்பு அதன் காடியில் சரியாக உட்காரவில்லை, கழற்றி மாட்டுங்கள்.

அரை மணி நேரம் லைட்டை எரியவிட்டு, அணைத்ததும் ஃப்யூஸ் ஹோல்டரையும் கிரிம்ப் செய்த இடங்களையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.